தங்கவயலில் நடக்க வருகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பெங்களூரிலிருந்து கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கிறது கோலார் தங்கவயல். கர்நாடகத்து ஊர்தான், ஆனால் தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் வந்து இறங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் கதவைச் சாத்தியது வரை, இந்த மண்ணுக்கு அடியிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போயிருக்கிறது. அதைத் தோண்டி எடுத்தவர்களில் மிகப் பலர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்த தலித் குடும்பத்தார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்றும், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய அதே லைன் வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள்.

சுரங்கம் மூடிவிட்டதால் ஊரும் செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கேமராவோடு வருகிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தக் குறிப்புகளை எழுத அதுதான் காரணம். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலைப் பார்த்தால் தெரியும். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு திரும்பி வருகிற ஆயிரக்கணக்கானவர்களின் ஊர் இது. இங்கே நடப்பது என்றால் அவர்கள் வாசல் வழியாக நடப்பது. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

கிளம்புவதற்கு முன்

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், சித்தூர் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் 'கோலாருக்குப் போனவர்' என்று ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருப்பார். அவர் எந்த மைன், எந்த லைன், எந்தக் காலம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று பெரிய சுரங்கங்கள் நான்கு. ஒவ்வொன்றைச் சுற்றியும் அதனதன் லைன்கள். மைன் பெயரும் லைன் பெயரும் கையில் இருந்தால் டீக்கடையில் கேட்டாலே வழி சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்கிறவர் பாதி நேரம் கூடவே எழுந்து வந்துவிடுவார். பெயர் தெரியாமல் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் ஓட்டு வீடுகளின் வரிசை.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த மாதங்களில் காலைக் குளிர் நன்றாக இருக்கும். ஏப்ரல், மே வேண்டாம். வழியில் நிழல் குறைவு. காற்று எழும்பினால் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து தூசியும் எழும்பும்.

ரயிலில் வந்து, தெற்கிலிருந்து வடக்காக நடங்கள். பங்காரப்பேட்டையில் பிரிகிற கிளைப்பாதை 1894இல் சுரங்கத்துக்காகவே போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று தங்கம் ஓடிய வரிசையிலேயே நிலையங்கள் வரும். கடைசி நிலையமான மாரிக்குப்பத்தில் இறங்கி வடக்கே நடந்தால் சாம்பியன் ரீஃப், உரிகம் தாண்டி ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நடையை முடிக்கலாம். ஏழெட்டு கிலோமீட்டர் வரும். குளிர்கால வெயில் முதுகுப் பக்கம் விழும். முடிகிற இடத்தில் சாப்பாடும் பஸ்ஸும் கிடைக்கும். கிளைப்பாதையில் ரயில்கள் குறைவு. நேரம் ஒத்துவராவிட்டால் பங்காரப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, பிறகு ஆட்டோவில் மாரிக்குப்பம் போய்விடுவது நல்லது.

அம்புக்குறி போட்ட நடைபாதையை எதிர்பார்க்காதீர்கள். சுற்றுலா ஊர்களில் உள்ளதுபோல வழிகாட்டிப் பலகைகள் இங்கே கிடையாது. ஊரை இணைக்கிற பொதுச் சாலைதான் உங்கள் பாதை. அதிலேயே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி இரு பக்கமும் தெரியும்.

ஷாஃப்ட் பக்கம்

இந்தப் பகுதியில் 'செய்யுங்கள்' என்று எதுவும் இல்லை.

வேலி தாண்டாதீர்கள். வேலி அறுந்து கிடந்தாலும், ஆடு மேய்க்கிறவர் உள்ளே நின்றாலும் தாண்டாதீர்கள். சுரங்க நிலம் இன்னும் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. உள்ளே போக அவர்களின் அனுமதி வேண்டும். காவலாளி திருப்பி அனுப்பினால் அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். உள்ளே உங்களுக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழி, அதன் வாயை எட்டிப் பார்க்காதீர்கள். சாலையிலிருந்து தெரிகிற உயரமான இரும்புக் கோபுரங்களின் உச்சியில் பெரிய சக்கரம் இருந்திருக்கும். அதன்மேல் ஓடிய கம்பிவடம்தான் ஆட்களை ஏற்றிய கேஜை இறக்கித் தூக்கியது. கோபுரத்தின் கீழே இருப்பது சாதாரணக் கிணறு அல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. உலகில் அந்த ஆழத்தைத் தொட்ட சுரங்கங்கள் மிகக் குறைவு. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பித்தான் வேலை நடந்தது. மூடிய பிறகு இறைப்பு நின்றதால் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. வாயை மூடிய பலகையும் கான்கிரீட்டும் எத்தனை வருஷத்து வெயில் மழையைத் தாங்கியிருக்கும் என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. சுற்றியுள்ள மண்ணும் உள்வாங்கியிருக்கலாம். கைவிட்ட சுரங்கத்துக்குள் காற்றில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் மூச்சுமுட்டல் தெரிவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். இரும்புக்காகவும் மிச்சமிருக்கும் கனிமத்துக்காகவும் உள்ளே இறங்கியவர்கள் உயிரோடு திரும்பாத செய்திகள் இந்த ஊரிலிருந்து வந்திருக்கின்றன.

கல்லைப் பையில் போடாதீர்கள். வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டு, துருப்பிடித்த ஆணி, பழைய செங்கல் எதுவும் வேண்டாம். சுரங்கம் நடந்த காலத்தில், ஷிஃப்ட் முடிந்து மேலே வரும் தொழிலாளியின் உடம்பைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். தங்கக் கல் கையில் இருந்தால் ஜெயில். அதற்கென்றே மைசூர் அரசில் தனிச் சட்டம் இருந்தது. தோண்டியவர் தொடக்கூடாதது என்று இருந்த பொருளைப் பார்க்க வந்தவர் நினைவுப் பரிசாகக் கொண்டுபோவதை நான் ஏற்க மாட்டேன். யாராவது தங்கத் துகள் என்று சொல்லி எதையாவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

சயனைடு மேடுகள்

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சாம்பல் மஞ்சளில் தட்டையாக நிற்கும் குன்றுகள். இயற்கையானவை அல்ல. கல்லை மில்லில் இடித்து மாவாக்கி, நீர்த்த சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து பிரியும். துத்தநாகத்தைச் சேர்த்து அதை மீண்டும் படியவைப்பார்கள். மிஞ்சிய சேற்றை வெளியே கொட்டினார்கள். தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் மூன்று, நான்கு கிராமுக்கு வந்துவிட்டது. அப்படியானால் ஒவ்வொரு டன்னும் ஏறக்குறைய முழுசாகவே கழிவாக வெளியே வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் கொட்டியதில் 3 கோடி டன்னுக்கு மேல் சேர்ந்து 13 மேடுகளாக நிற்கிறது.

ஏறாதீர்கள். சினிமாக்காரர்கள் ஏறி எடுத்திருக்கிறார்கள், உண்மைதான். அவர்களுக்கு அனுமதியும் ஆளும் வண்டியும் இருந்தன. மேட்டின் மேற்பரப்பு காய்ந்து கெட்டியாகத் தெரியும். அது மெல்லிய ஓடு. மழைநீர் அறுத்த பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. விளிம்பு அடியில் அரித்துப்போய் அந்தரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் உள்ளே இருப்பது மீண்டும் சேறாகிவிடும். பிள்ளைகளைச் சறுக்கி விளையாட விடவே கூடாது.

இடையில் தேங்கிய தண்ணீரைத் தொடாதீர்கள். சில இடங்களில் பளிங்குபோலத் தெளிவாக இருக்கும். புகைப்படத்துக்கு அழகாகவும் இருக்கும். கனிமக் கழிவில் தேங்கிய நீர் அது. கை கால் கழுவவோ, கூட்டி வந்த நாயைக் குடிக்க விடவோ கூடாது.

பயப்படவும் வேண்டாம். சயனைடு என்ற பெயரைக் கேட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் உண்டு. சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடக் கூடியது. சாலையில் நடந்து போகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. உண்மையான தொல்லை மாவு போன்ற சிலிக்காத் தூசி. அதுவும் ஒரு நாள் வந்து போகிறவருக்கு இல்லை, மேட்டடியில் குடியிருந்து வருஷக்கணக்கில் அதைச் சுவாசிக்கிறவர்களுக்கு. காற்று எழும்பினால் நீங்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தெருவில் காய்ந்துகொண்டிருக்கும் துணிக்கும் மூடி வைத்த சோற்றுப்பானைக்கும் அந்த வசதி இல்லை. மேட்டடியில் வண்டியை ஓட்டித் தூசி கிளப்பாமல் இருப்பது உங்களால் முடிகிற உதவி.

பார்க்க வேண்டுமென்றால் தள்ளிப்போடாதீர்கள். இந்த மேடுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. அதை மறுபடி பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நடந்தால் ஊரின் தோற்றமே மாறிவிடும். மாறட்டும், தூசி போனால் சரி என்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். பாதுகாக்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்வதற்கு முன் அவர்கள் சொல்வதைக் கேட்பது முறை.

லைன் வீடுகளின் நடுவே

முதலில் வணக்கம் சொல்லுங்கள். ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என்று அழைத்து, எங்கிருந்து வருகிறோம், எதற்கு வந்தோம் என்று சொல்லுங்கள். தமிழ் போதும், கன்னடமோ தெலுங்கோ தெரிந்தால் இன்னும் நல்லது. ஊர்ப் பெரியவர்கள் மூன்றையும் கலந்து பேசுவார்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு வளர்ந்தவர்கள் ஆங்கிலமும் பேசுவார்கள்.

கேட்காமல் படம் எடுக்காதீர்கள். லைன் வீட்டில் தனி முற்றம் கிடையாது. வாசல்தான் முற்றம், சமையலுக்குக் கீரை ஆய்வதும் பிள்ளைக்குத் தலை வாருவதும் துணி துவைப்பதும் அங்கேதான். நீங்கள் தெரு என்று நினைத்து நிற்கும் இடம் ஒருவருடைய வீட்டுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க காலத்தில் இவை மூங்கில் தட்டி வைத்த குடிசைகள். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். பின்னால்தான் சுவரும் ஓடும் வந்தன. இன்று இருக்கிறவர்கள் தங்கள் கைக்காசில் ஓர் அறை கூட்டியிருப்பார்கள், வாசலுக்கு டைல்ஸ் போட்டிருப்பார்கள். அதைத் தவிர்த்துவிட்டு இடிந்த சுவரை மட்டும் தேடிப் படம் எடுப்பது அவர்கள் உழைப்பை இல்லையென்று சொல்வதாகும்.

சினிமா வசனம் பேசிக் காட்டாதீர்கள். 2018இலும் 2022இலும் வந்த இரண்டு பெரிய படங்கள் ஊர்ப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோயின. ஆனால் அவற்றில் வரும் அடிமைக் கூட்டமும் துப்பாக்கியும் இவர்கள் கதை அல்ல. 2024இல் வந்த 'தங்கலான்' வட ஆற்காட்டு மக்கள் தங்கம் தேடிப் போன கதையை எடுத்துக்கொண்டது. அதுவும் கற்பனை சேர்ந்த படம்தான். "நிஜத்தில் இங்கே யார் டான்?" என்று ஒரு ஓய்வுபெற்ற தொழிலாளியிடம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் கேஜில் இறங்கி ஏறியவர் அவர். அவரிடம் கேட்க எத்தனையோ இருக்கிறது. எத்தனையாவது லெவலில் வேலை, மேலே சங்கு ஊதினால் வீட்டில் என்ன நினைப்பார்கள், பாறை வெடித்த நாள் எப்படி இருந்தது.

பாறை வெடிப்பைப் பற்றிக் கேட்கும்போது நிதானம் வேண்டும். அத்தனை ஆழத்தில் பாறையின் மேல் விழும் பாரம் பெரிது. நடுவே தோண்டிய இடத்தைச் சுற்றி அது திடீரென்று சிதறும். எந்த அறிவிப்பும் இருக்காது. கீழே வேலை செய்தவர்கள் நசுங்குவார்கள். மேலே ஊரின் சுவர்கள் அதிரும். அந்த அதிர்வை உணர்ந்ததும் ஷாஃப்டை நோக்கி ஓடிய பெண்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், சொல்ல வைக்காதீர்கள். மூச்சு வாங்குகிற பெரியவரிடம் "சிலிகோசிஸா?" என்று கேட்பதும் அப்படித்தான். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்து வரும் அந்த நோய்க்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 1940இல்தான் வந்தது. தங்கம் எடுக்கத் தொடங்கி அறுபது வருஷம் ஆகியிருந்தது.

பிள்ளைகளுக்குச் சில்லறை கொடுக்காதீர்கள். டீக்கடையில் டீ குடியுங்கள், மார்க்கெட்டில் வாங்குங்கள், ஆட்டோவுக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் அரை நாள் கூட நடந்து வழிகாட்டினால் அதற்கு மரியாதையான கூலியை முதலிலேயே பேசிக் கொடுங்கள்.

நின்று பார்க்க வேண்டியவை

மாரிக்குப்பத்தில் நின்று 1802ஐ நினையுங்கள். மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், உரிகம் பக்கத்து ஆட்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கண்டார். மாரிக்குப்பத்தில் குழிக்குள் இறங்கி ஆண்கள் கல்லை எடுத்துக் கொடுக்க, பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கியதை எழுதியும் வைத்தார். அந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் 1871இல் லாவெல் என்ற ஐரிஷ்காரர், நியூசிலாந்துச் சண்டையிலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், மாட்டு வண்டியில் இங்கே வந்தார். 'வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தங்கம்' என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். அவன் வந்தபோது பழைய குழிகள் இருந்தன. அந்தக் குழிகளைப் பார்த்துத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்தார்கள்.

மின்கம்பத்தைக் கவனியுங்கள். 1902இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது மூன்று வருஷம் கழித்து.

சாம்பியன் ரீஃபில் அவசரப்படாதீர்கள். இந்த நடையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது, இரண்டு காரணம். முதலாவது மண்ணுக்கு அடியில். காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவற்றைத் தலைக்கு மேல் இருக்கும் பாறையே வடிகட்டிவிடும் என்பதால், இங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கருவிகளை வைத்தார்கள். ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். 1965இல், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களின் தடத்தை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் இவர்கள் உண்டு. அந்தக் கருவிகளை அத்தனை ஆழத்துக்கு இறக்கிப் பொருத்த சுரங்கத் தொழிலாளிகளின் கை வேண்டியிருந்தது. இயற்பியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இங்கே கூட்டி வாருங்கள். பார்க்க ஒன்றும் இருக்காது, நின்றுகொண்டு சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

இரண்டாவது மண்ணுக்கு மேலே. அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து நடத்திய 'தமிழன்' இதழுக்கு உறுதியான வாசகர்கள் இந்த லைன்களில் இருந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அவர் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் நடந்தன. அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே மறுபடியும் கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்து நூல்களை வெளியிட்டது. பகலில் மைல் கணக்கில் பாறைக்குள் இருந்துவிட்டு வந்தவர்கள் மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து வாதம் செய்த ஊர் இது. தமிழகத்தின் சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஊரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதல்ல.

போராட்டத்தை விட்டுவிட்டு, வெள்ளைக்காரர் காலத்து 'குட்டி இங்கிலாந்தை' மட்டும் பார்க்காதீர்கள். பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், உரிகத்துத் தேவாலயம் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். வெளியிலிருந்து பாருங்கள், வழிபாட்டு நேரத்தில் தேவாலயத்துக்குள் சுற்றாதீர்கள். அதோடு 1930ஐப் பற்றியும் கேளுங்கள். தொழிலாளர் எல்லோரிடமும் கைரேகை எடுக்க நிர்வாகம் முனைந்தபோது, குற்றவாளிகளா நாங்கள் என்று கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கி மூன்று வாரம் சுரங்கத்தை நிறுத்தினார்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களை ஊர் இன்னும் தியாகிகள் என்றுதான் சொல்கிறது.

ஊருக்கு வெளியே

இன்னொரு நாள் இருந்தால் பேத்தமங்கலம் ஏரிக்கரையில் நடங்கள். பாலாற்றுத் தண்ணீரை இங்கே தேக்கித்தான் சுரங்கத்துக்கும் ஊருக்கும் குழாயில் கொண்டுபோனார்கள். இதே பாலாறுதான் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகப் போகிறது. சுரங்கத்துக்கு ஆள் வந்த ஊர்களில் பலவும் அந்த ஆற்றங்கரை ஊர்கள். வறட்சியில் காய்ந்த கரையை விட்டு, அதே ஆற்றின் மேல்பக்கத்துக்கு வந்து கூலிக்கு நின்றவர்களின் கதையை இந்தக் கரையில் நடந்தால்தான் முழுசாக உணர முடிகிறது. கரையில் நடங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். காலையில் பறவைகள் இருக்கும், சத்தம் வேண்டாம்.

பெத்தபள்ளி பாறைகளைச் சுத்தியால் தட்டாதீர்கள். எரிமலை கக்கிய குழம்பும் துண்டுகளும் இறுகி உண்டான இந்தப் பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. 250 கோடி வருஷத்துக்கும் மூத்தவை. தங்கம் தாங்கிய பாறைப் பட்டையின் பிறப்பை விளக்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. கல்லூரி மாணவர்கள் மாதிரி எடுக்கிறோம் என்று பெயர்த்த வடுக்கள் போதும்.

காமசமுத்திரம் பக்கத்துக் காட்டோரம் தனியாக நடக்காதீர்கள். ஆந்திராவின் கௌண்டின்யா காட்டிலிருந்து யானைகள் அந்தப் பக்கம் வருவதுண்டு. ராகி விளைந்திருக்கும் மாதங்களில் விவசாயிகளே இரவில் வயல் பக்கம் அஞ்சித்தான் போகிறார்கள். மாலை நான்கு மணிக்குள் ஊர் திரும்புங்கள். முதலில் அங்குள்ளவரிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கம்மசந்திராவின் கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கும், ஹைதர் அலி பிறந்த ஊராகச் சொல்லப்படும் பூதிக்கோட்டைக்கும் வண்டியில் போய் வரலாம். சிவராத்திரி சமயத்தில் கம்மசந்திரா சாலையில் நடப்பது கஷ்டம்.

இன்னும் சில

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்கால் மூடும் காலணி. மழைக்குப் பிறகு புல் வளர்ந்த இடங்களில் பாம்பு இருக்கும். ஒற்றையடிப் பாதையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள்.

ட்ரோன் பறக்க விடாதீர்கள். காவலாளியோடு தகராறு வரும். அதைவிட, லைன் வீட்டுக் கூரைகளுக்கு மேல் கேமரா பறப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

கல்லறைத் தோட்டங்களுக்குள் போனால் பெயர்களைப் படியுங்கள்; கல்லில் சாய்ந்து உட்காராதீர்கள். வெள்ளைக்காரர் கல்லறையில் பெயரும் தேதியும் இருக்கும். தொழிலாளியின் புதைமேட்டில் பல இடங்களில் எதுவும் இருக்காது. மண்மேடு என்று எண்ணி மிதித்துவிடாமல் பாதையிலேயே நடங்கள்.

ஏதாவது எழுதப்போகிறீர்கள் என்றால், பேசியவரிடம் அதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்; பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். பணப்பாக்கி, வீட்டுப் பத்திரம் என்று சுரங்கம் மூடப்பட்ட நாளிலிருந்து முடியாத விவகாரங்கள் பலருக்கு உண்டு. நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் அங்கேதான் அலுவலகப் படி ஏற வேண்டும்.

படம் எடுத்தீர்களென்றால், அனுப்புகிறேன் என்று சொன்ன படத்தை அனுப்புங்கள். வாட்ஸ்அப் இல்லாத பெரியவருக்குப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு முகவரியை அங்கே நிற்கும்போதே, மைன் பெயரும் லைன் பெயரும் வீட்டு எண்ணும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.